சாகிற விலங்குதான் வேண்டுமா?

“ஹாம்ஸ்டர் ரெண்டு வாரத்துல தேறிடுதேம்மா. சாகாத விலங்கை வச்சுக்கிட்டு உன் மருந்து வேலை செஞ்சதுன்னு எப்படிக் காட்டுவே?” கோவிட் மருந்து ஒன்றை, எலி போன்ற சிறு கொறிவிலங்கான ஹாம்ஸ்டரில் சோதிக்கும் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தைப் பரிசீலிக்கும் கூட்டத்தில் மூத்த பேராசிரியர் ஒருவர் ஒரு மாணவியிடம் கேட்டது இது. “மனுஷங்கள்லயும் பெரும்பாலானவங்க தேறிடறாங்களே சார்” என்றாள் அவள். அறையில் யாரும் அதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. வைரஸ் செல்லுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் புரதமான ஏற்பியின் மனித வடிவத்தைச் சுமக்கும்படி மரபணு மாற்றிய சுண்டெலி இருக்கிறது, ஒரு வாரத்துக்குள் அநேகமாக எல்லாம் இறந்துவிடும், மருந்து கொடுத்தவை பிழைத்தால் வரைபடத்தில் இரண்டு கோடுகளும் பளிச்சென்று பிரியும் என்று இன்னொருவர் எடுத்துச் சொன்னார். பேச்சு கூண்டுச் செலவுக்குப் போய்விட்டது. பார்வையாளராக உட்கார்ந்திருந்த எனக்கு அங்கே கருத்துச் சொல்ல இடமில்லை. ஆனால் அந்தப் பெண் சொன்ன ஒற்றை வரி என்னை விடவே இல்லை.

கேட்டவரின் அவசரத்தில் நியாயம் உண்டு. புது வைரஸ் நோய் ஒன்று வருகிறது, மனிதர்கள் இறக்கிறார்கள், எந்த மருந்தை முதலில் மருத்துவமனைக்கு அனுப்புவது என்று யாராவது சொல்லியாக வேண்டும். ஆம், இல்லை என்று உறுதியாகச் சொல்லும் விலங்கு கையில் இருந்தால் நிம்மதி. மனித நோயை ஆராய மனிதனுக்குப் பதிலாக வைக்கும் விலங்கை “மாதிரி” என்பார்கள். ஆனால் இந்தத் துறையில் “நல்ல மாதிரி” என்றால் “கடுமையாக நோயுற்று, தவறாமல் இறக்கும் மாதிரி” என்று பொருளாகிவிட்டதைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். திட்டம் எழுதுகிறவர்களும் அதை மதிப்பிடுகிறவர்களும் இதைப் பேசாமலே ஒப்புக்கொள்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சாவு அளப்பதற்கு எளிது. அதனால் அது நோயைப் பற்றி அதிகம் சொல்கிறது என்றாகாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

வாசல் மட்டும் திறந்தால் போதுமா

கோவிட் தொடங்கிய 2020இன் முதல் வாரங்களை நினைத்துப் பாருங்கள். வைரஸின் மரபணு வரிசை வெளியாகிவிட்டது. அது மனித செல்லுக்குள் நுழைவது ஏசிஇ2 என்ற ஏற்பி வழியாக என்பதும் சீக்கிரமே உறுதியாகிவிட்டது. உலகின் ஆய்வகங்களில் மிக அதிகமாக இருக்கும் விலங்கு சுண்டெலி. அதன் ஏசிஇ2வோ அந்த வைரஸைப் பிடித்துக்கொள்ளவில்லை. எலியின் மூக்கில் வைரஸை விட்டால் எதுவும் நடக்காது. அப்போது எல்லோருக்கும் நினைவு வந்தது கே18 எலி. 2003இன் சார்ஸ் என்ற முந்தைய கொரோனா நோய்க்காக அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2007இல் வெளியிடப்பட்ட எலி அது. சார்ஸ் அடங்கிய பிறகு அதற்குத் தேவை இல்லாமல் போயிற்று. உறைநிலையில் காத்துவைத்த விந்தணுவிலிருந்து ஜாக்சன் ஆய்வகம் அந்த வம்சத்தை மீண்டும் பெருக்கியது. பல நாட்டு ஆய்வகங்கள் அதற்காகக் காத்துக்கிடந்தன. புது நோயின் தொடக்கத்தில் இதுதான் எப்போதும் நடக்கிறது. எந்த விலங்கு பொருத்தம் என்று யோசிப்பதற்கு முன்பே, எது உறைபெட்டியில் இருக்கிறது, எதற்குக் கூண்டு இருக்கிறது, எதை உயர்பாதுகாப்பு ஆய்வகத்துக்குள் வைத்துப் பராமரிக்க முடியும் என்பவை பாதி முடிவை எடுத்துவிடுகின்றன.

கே18 எலி வேலை செய்தது. மிக நன்றாகவே செய்தது. அதில்தான் சிக்கலும் இருக்கிறது. உறுப்புகளின் உட்பரப்பைப் போர்த்தும் செல்களில் இயங்கும் கெரட்டின் 18 என்ற மரபணுவின் விசையோடு மனித ஏற்பியை இணைத்திருந்தார்கள். அதனால் அந்த எலியின் உடலில் ஏற்பி இருக்கும் இடமும் அளவும் மனித உடலில் இருப்பதைப் போல இல்லை. நுரையீரல் அழற்சி அதற்கு வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் மூக்கில் விட்ட வைரஸ் மூளைக்கும் போய்ச் சேர்கிறது. அந்த எலிகளின் சாவில் மூளைத் தொற்றுக்குப் பெரும் பங்கு. மனிதர்கள் இறந்தது நுரையீரல் செயலிழந்து, ரத்தம் உறைந்து, கட்டுமீறிய அழற்சியால். இப்போது ஒரு மருந்தை எண்ணிப் பாருங்கள். அது நுரையீரலில் வைரஸை நன்றாகவே கட்டுப்படுத்துகிறது, ஆனால் மூளைக்குள் போகாது. கே18 எலியில் அது தோற்ற மருந்தாகத் தெரியலாம். இன்னொன்று வைரஸ் மூளைக்கு ஏறுவதை மட்டும் தடுக்கிறது. அது அற்புத மருந்தாகத் தெரியலாம். முதலாவதில் கோடுகள் பிரியாது, இரண்டாவதில் பளிச்சென்று பிரியும். இரண்டுக்குமான காரணம் மட்டும் மனித நோயோடு சேராது.

அந்த மாணவி கேட்ட சிரியன் ஹாம்ஸ்டருக்கு மரபணு மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை. ஆய்வகங்களில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்கள், 1930இல் அலெப்போ அருகே வளையொன்றிலிருந்து பிடிக்கப்பட்ட ஒரே குடும்பத்தின் வழித்தோன்றல்கள். அவற்றின் ஏசிஇ2 இயல்பாகவே அந்த வைரஸை ஏற்கிறது. மூக்கு வழித் தொற்றுக்குப் பிறகு எடை குறைகிறது, நுரையீரலில் புண் தெரிகிறது, மூக்கின் மோப்பப் படலம் சிதைகிறது, கூண்டில் கூட இருக்கும் ஹாம்ஸ்டருக்குத் தொற்றுகிறது. வயதான ஹாம்ஸ்டருக்கு நோய் கடுமை. ஆண் ஹாம்ஸ்டர் பெண்ணைவிட அதிகம் அவதிப்படுகிறது. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் எடை திரும்பி, உடல் தேறிவிடுகிறது. இந்தப் பட்டியலைப் படிக்கும்போது மனித நோயாளி ஒருவரின் கதை போலவே எனக்குத் தோன்றுகிறது. மனிதர்களில் பலருக்கு நடந்தது இதுதான். ஹாம்ஸ்டரில் குறை இல்லாமல் இல்லை. எலிகளின் எதிர்ப்புச் செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ண எத்தனையோ கருவிப்பொருள்கள் சந்தையில் உண்டு. ஹாம்ஸ்டருக்கு அவை சொற்பம். தடுப்பூசியின் உள்வேலையை ஆராய்கிறவருக்கு இது உண்மையான தடை. ஆனால் “சாகவில்லை” என்பது அந்தக் குறைகளில் ஒன்றல்ல. சாகும் ஹாம்ஸ்டர்தான் வேண்டும் என்றால் அதுவும் உண்டு: ரோபரோவ்ஸ்கி என்ற குள்ள ஹாம்ஸ்டர் அதே வைரஸால் கடுமையாக நோயுற்று இறக்கிறது. ஆக, ஹாம்ஸ்டர் என்று பொதுவாகச் சொல்வதுகூடப் போதாது.

ஏற்பி பொருந்தினால் விலங்கும் பொருந்தும் என்ற நம்பிக்கை இன்னும் பரவலாக இருக்கிறது. பன்றியின் ஏசிஇ2வை ஆய்வகத்தில் ஒரு செல்லுக்குக் கொடுத்தால் 2020இன் வைரஸ் அதன் வழியாக நுழைகிறது. ஆனால் பன்றிக்கே வைரஸைக் கொடுத்த சோதனையில் அது நோயுறவில்லை. நுழைந்த பிறகு உள்ளே நடப்பது வேறு கதை. கொசு பரப்பும் ஸீக்கா வைரஸ் இதை இன்னும் தெளிவாகக் காட்டியது. மனித செல்லில் அந்த வைரஸின் என்எஸ்5 என்ற புரதம், வைரஸ் வந்ததும் உடல் எழுப்பும் எச்சரிக்கையான இன்டர்ஃபெரானின் கட்டளையைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் ஸ்டாட்2 புரதத்தைச் சிதைத்துவிடுகிறது. எலியின் ஸ்டாட்2வை அதனால் சிதைக்க முடிவதில்லை. அதனால் சாதாரண எலி ஸீக்காவை எளிதில் விரட்டிவிடுகிறது. 2016இல் எல்லோரும் என்ன செய்தார்கள்? இன்டர்ஃபெரான் ஏற்பியையே நீக்கிய எலியைப் பயன்படுத்தினார்கள். எலி இறந்தது. வைரஸை ஒடுக்கும் மருந்தைச் சோதிக்க அது உதவியது. ஆனால் முதல் தற்காப்பையே பிடுங்கிவிட்ட ஓர் உடலை, நோய் எதிர்ப்பைப் பற்றிய சாட்சியாகக் கூண்டில் ஏற்றும்போது அதன் சாட்சியத்தை அந்த அளவுக்குத்தான் நம்ப வேண்டும். மெர்ஸ் என்ற இன்னொரு கொரோனா நோய்க்கு எலி, ஹாம்ஸ்டர், கீரி போன்ற ஃபெரட் மூன்றின் வாசலும் அடைத்திருந்தது. தீங்கற்ற அடினோவைரஸ் ஒன்றில் மனித டிபிபி4 ஏற்பியின் மரபணுவை ஏற்றி எலியின் மூக்கில் விட்டு, சில நாட்களுக்கு மட்டும் அதன் நுரையீரலைத் திறந்துவைத்தார்கள். 2014இல் வெளியான அந்த உத்திதான் 2020இல் ஏசிஇ2வோடு மறுபடி கைகொடுத்தது. புது எலி வம்சம் பிறந்து வளரும்வரை காத்திருக்க முடியாத நேரத்துக்கு அது புத்திசாலித்தனமான வழி. நோய் மிதமாகத்தான் வரும், அவ்வளவே.

மூக்கின் மேல் வைத்த முப்பதாண்டு நம்பிக்கை

இந்தக் கேள்வியை யோசிக்கும்போதெல்லாம் நான் போய் நிற்பது போலியோவில். தவறாமல் நோயுறும் ஒரு விலங்கு, மிகத் திறமையான ஒரு ஆய்வகம், மிக நல்ல நோக்கம் மூன்றும் சேர்ந்தே ஒரு துறையை எவ்வளவு தூரம் வழிமாற்றிவிட முடியும் என்பதற்கு அதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1908இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனரும் எர்வின் பாப்பரும் போலியோவில் இறந்த ஒரு சிறுவனின் முதுகுத்தண்டுத் திசுவைக் குரங்குகளுக்குச் செலுத்தி, நோயைக் கடத்திக் காட்டினார்கள். போலியோ ஒரு தொற்று என்பது அப்படித்தான் நிலைபெற்றது. அடுத்த ஆண்டே நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் கழகத்தில் சைமன் ஃபிளெக்ஸ்னர் அதை ஒரு குரங்கிலிருந்து இன்னொரு குரங்குக்குக் கடத்தத் தொடங்கினார். அவர் கையில் இருந்தது ரீசஸ் குரங்கு. மூளைக்குள் செலுத்தினால் முடங்கும். மூக்கில் விட்டாலும் முடங்கும். வாயில் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. குரங்கிலிருந்து குரங்குக்கு, நரம்புத் திசுவிலிருந்து நரம்புத் திசுவுக்குத் திரும்பத் திரும்பக் கடத்தியதில் எம்வி என்ற வைரஸ் ரகம் உருவாயிற்று. ஆய்வாளருக்கு அது ஒரு வரம். எந்தக் குரங்குக்குக் கொடுத்தாலும் முடக்கம் வரும், சொன்ன நாளில் வரும். பல ஆய்வகங்கள் அதையே வாங்கிப் பயன்படுத்தின.

அந்தக் குரங்கும் அந்த வைரஸும் சேர்ந்து ஒரு கோட்பாட்டை எழுதின: போலியோ மூக்கு வழியாக நுழைகிறது, மோப்ப நரம்பு வழியாக மூளைக்கு ஏறுகிறது, நரம்புச் செல்லைத் தவிர வேறெங்கும் வளராது, ரத்தத்துக்குள் வருவதே இல்லை. இதற்கு எதிரான சான்று அப்போதே இருந்தது. ஸ்வீடனில் கார்ல் கிளிங்கும் அவருடைய சகாக்களும் 1910களின் தொடக்கத்திலேயே நோயாளிகளின் குடலிலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்திருந்தார்கள். குடலில் இருப்பது விழுங்கப்பட்ட மிச்சமாக இருக்கும் என்ற அளவில் அது ஓரம்கட்டப்பட்டது. 1936இல் ஆல்பர்ட் சேபினும் பீட்டர் ஒலிட்ஸ்கியும் வைரஸைக் குழாயில் வளர்க்க முயன்றபோது அது மனிதக் கருவின் நரம்புத் திசுவில் மட்டுமே வளர்ந்தது. கோட்பாடு உறுதியாகிவிட்டதாக எல்லோரும் எண்ணினார்கள். அவர்கள் வளர்த்ததும் எம்வி ரகம்தான். கால் நூற்றாண்டாக நரம்பில் மட்டுமே வாழப் பழக்கிய வைரஸ், நரம்பில் மட்டுமே வளர்ந்தது. நோயைப் பற்றிய உண்மையென்று எல்லோரும் எண்ணியது, நாம் அந்த வைரஸுக்குக் கற்றுக்கொடுத்த பழக்கத்தை.

இதன் விளைவு ஆய்வகத்தோடு நிற்கவில்லை. மூக்குதான் வாசல் என்றால் மூக்கை அடைத்தால் போதும் அல்லவா? ரீசஸ் குரங்கின் மூக்கில் துத்தநாக சல்பேட் தெளித்தால் அது பாதுகாப்புப் பெற்றது. 1937இல் டொராண்டோவில் நோய் பரவியபோது ஆயிரக்கணக்கான குழந்தைகளின் மூக்குக்குள், மேற்கூரை வரை படும்படி, அந்தத் திரவத்தைப் பீய்ச்சினார்கள். பாதுகாப்புக் கிடைக்கவில்லை. சில குழந்தைகள் மோப்ப உணர்வை இழந்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப் போகிறது. குரங்கில் அந்தச் சோதனை பொய் சொல்லவில்லை. மூக்கில் விட்ட வைரஸை மூக்கில் தடுத்தது, அது மெய். குழந்தைகளுக்கு வைரஸ் போனது வாய் வழியாக.

திரும்புமுனை மெதுவாகத்தான் வந்தது. போலியோவில் இறந்தவர்களின் உடல்களைச் சேபினும் ராபர்ட் வார்டும் பகுதி பகுதியாகப் பரிசோதித்து 1941இல் வெளியிட்டார்கள்: வைரஸ் உணவுப்பாதையில் இருந்தது, மோப்பப் பாதையில் இல்லை. ஏறக்குறைய அதே காலத்தில் சிம்பன்சிகளுக்கும், ரீசஸின் நெருங்கிய உறவான நீளவால் மக்காக் குரங்குக்கும் வாய் வழியாகத் தொற்றவைக்க முடியும் என்பது தெரிந்தது. 1949இல் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் மூவரும் நரம்பல்லாத திசுவிலும் வைரஸை வளர்த்துக் காட்டினார்கள். அதற்கு 1954இல் நோபல் பரிசு கிடைத்தது. 1952இல் டோரதி ஹோர்ஸ்ட்மனும் டேவிட் போடியனும், முடக்கம் வருவதற்குச் சில நாட்களுக்கு முன் வைரஸ் ரத்தத்தில் இருப்பதைத் தனித்தனியே கண்டார்கள். ரத்தத்தில் இருக்கிறது என்றால் ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள் அதைத் தடுக்கும், தடுப்பூசி சாத்தியம். அதுவரை பார்க்காமல் போனதற்குக் காரணம், முடக்கம் வந்த பிறகே ரத்தம் எடுத்துப் பார்த்ததும், வாய் வழி நோயுறாத குரங்கை வைத்துக்கொண்டதும்தான். முடக்கம் என்ற கடைசிக் காட்சி தவறாமல் கிடைத்துக்கொண்டிருந்ததால், அதற்கு முந்தைய காட்சிகளைத் தேடும் தேவையே யாருக்கும் எழவில்லை.

அதே குரங்கு, வேறு நோய்

ரீசஸ் குரங்கைக் குற்றம் சொல்லி இதை முடிக்க முடியாது. மஞ்சள் காய்ச்சலில் கதை தலைகீழ். ஜப்பானிய ஆய்வாளர் ஹிதேயோ நொகுச்சி கினிப் பன்றிகளை வைத்துத் தேடி, லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியாவைக் கண்டுபிடித்து, அதுதான் மஞ்சள் காய்ச்சலின் காரணி என்று அறிவித்தார். கினிப் பன்றி லெப்டோஸ்பைராவுக்கு எளிதில் இரையாகும். மஞ்சள் காய்ச்சல் வைரஸுக்கு ஆகாது. இரண்டு நோய்க்காரர்களும் கலந்திருந்த கூட்டத்திலிருந்து அது தனக்குப் பிடிபடுவதை மட்டும் வடிகட்டிக் கொடுத்தது. பிறகு 1927இல் மேற்கு ஆப்பிரிக்காவில் அட்ரியன் ஸ்டோக்ஸின் குழு, அசீபி என்ற நோயாளியின் ரத்தத்தை ஆசியாவிலிருந்து தருவித்த ரீசஸ் குரங்குக்குச் செலுத்தியது. குரங்கு நோயுற்றது. உண்மையான காரணி கைக்கு வந்தது. ஸ்டோக்ஸ் அதே ஆண்டிலும் நொகுச்சி அடுத்த ஆண்டிலும் மஞ்சள் காய்ச்சலிலேயே இறந்தார்கள். அந்த ஊர்க் குரங்குகள் பல அந்த வைரஸோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியவை, நோயுறாதவை. அதை ஒருபோதும் சந்தித்திராத ஆசியக் குரங்குக்குத்தான் நோய் வந்தது. 1947இல் உகாண்டாவின் ஸீக்கா காட்டில் மரத்தின் மேல் கூண்டில் காவலுக்கு வைத்திருந்ததும் ஒரு ரீசஸ்தான். அதற்கு வந்த காய்ச்சலிலிருந்துதான் ஸீக்கா வைரஸே கிடைத்தது.

ஆக, ஒரு விலங்கைப் பொதுவாக நல்ல மாதிரி என்றோ மோசமான மாதிரி என்றோ சொல்வதில் பொருளே இல்லை. காரணியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் நோயுறும் விலங்கு வேண்டும், உண்மை. நோய் எப்படிப் பரவுகிறது என்று அறிய வேண்டும் என்றால், தும்மும் விலங்கு வேண்டும். 1933இல் லண்டனில் மனித இன்ஃபுளுவென்ஸாவைப் பிடிக்க ஃபெரட் கிடைத்தது, நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் ஆய்வுக்காக அவை அங்கே ஏற்கெனவே வளர்க்கப்பட்டதால். மூன்று ஆண்டு கழித்து, நோயுற்ற ஃபெரட் ஒன்று முகத்தில் தும்மி ஆய்வாளர் ஒருவருக்கே காய்ச்சல் தொற்றியது. இன்றைக்கும் இன்ஃபுளுவென்ஸா பரவலை ஆராய ஃபெரட்டைத்தான் தேடுகிறோம், அதன் சுவாசப்பாதையில் ஏற்பிகள் அமைந்திருக்கும் விதம் மனிதனுடையதை ஒத்திருப்பதால். கோவிட்டில் ஃபெரட்டுக்கு நோய் லேசு. ஆனால் பக்கத்துக் கூண்டுக்குப் பரவியது. பரவலைக் கேட்டவருக்கு அது போதுமான பதில்.

கோடுகள் பிரியும் ஆசை

கடுமையான மாதிரியின் கவர்ச்சி நிகழ்காலத்திலும் நம்மை ஏமாற்றியிருக்கிறது. எய்ட்ஸ் தடுப்பூசி ஆய்வில், எச்ஐவி-யின் உறையையும் குரங்கு வைரஸின் உடலையும் ஒட்டிச் செய்த எஸ்எச்ஐவி 89.6பி என்ற கலப்பு வைரஸ் இருந்தது. அது குரங்குகளின் நோய் எதிர்ப்பை நடத்தும் சிடி4 செல்களைச் சில வாரங்களில் துடைத்தெடுத்துவிடும். அடினோவைரஸ் 5 அடிப்படையிலான தடுப்பூசி அந்தக் குரங்குகளைச் சாவிலிருந்து காப்பாற்றியது. உற்சாகம் பிறந்தது. மனிதனின் எச்ஐவி-யைப் போல மெதுவாக, பிடிவாதமாகச் செயல்படும் எஸ்ஐவி மேக்239 என்ற குரங்கு வைரஸுக்கு எதிராக அதே வகைத் தடுப்பூசி சொற்பமாகத்தான் உதவியது என்பதும் தெரிந்திருந்தது. அந்த வகைத் தடுப்பூசியின் ஸ்டெப் என்ற மனிதச் சோதனை 2007இல் பலனின்றி நிறுத்தப்பட்டது. சட்டென்று கொல்லும் வைரஸ் தடுப்பதற்கு எளிதான வைரஸாக இருந்திருக்கிறது, மெதுவானதுதான் கடினம். எபோலாவிலும் ஒரு பாடம் உண்டு. 1995இல் காங்கோவின் கிக்விட் நகரில் நோயிலிருந்து பிழைத்த ஒருவரிடமிருந்து பெற்ற கேஇஸட்52 என்ற எதிர்ப்பொருள், கினிப் பன்றிகளைக் கொல்லும்படி பழக்கிய எபோலா வைரஸிடமிருந்து அவற்றைக் காத்தது. ரீசஸ் குரங்குகளைக் காக்கவில்லை.

எனக்கு மிக அண்மையில் உறைத்தது டெகோவிரிமாட் என்ற மருந்து. பெரியம்மை உலகில் இல்லாததால் அதற்கான மருந்தை மனிதரில் சோதிக்க வழியில்லை. இப்படிப்பட்ட நிலைக்காகவே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்கு 2002 முதல் “விலங்கு விதி” ஒன்று உண்டு. குரங்கம்மை செலுத்திய குரங்குகளும் முயலம்மை செலுத்திய முயல்களும் இந்த மருந்தால் சாவிலிருந்து தப்பின; அந்த அடிப்படையில் 2018இல் பெரியம்மைக்கு ஒப்புதல் கிடைத்தது. வேறு வழி இல்லாத இடத்தில் எடுத்த முடிவு அது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எம்பாக்ஸ் (குரங்கம்மையின் புதுப் பெயர்) மனிதர்களிடம் பரவியபோது அந்தச் சாவுக் கோடுகளை வைத்து மனித நோய்க்கும் நம்பிக்கை வளர்ந்தது. காங்கோ ஜனநாயகக் குடியரசில் நடந்த பாம்007 சோதனையின் முடிவு 2024இல் வந்தது: கொப்புளங்கள் ஆறும் காலத்தை மருந்து குறைக்கவில்லை. கலந்துகொண்டவர்களில் இறந்தவர்கள் 1.7 சதவீதம், அந்த நாட்டில் பொதுவாகப் பதிவான 3.6 சதவீதத்தைவிடக் குறைவு, மருந்து பெற்றவர்களிடமும் பெறாதவர்களிடமும். நல்ல பராமரிப்பே பலரைக் காத்திருக்கிறது. குரங்குகளின் ரத்த நாளத்தில் கொல்லும் அளவு வைரஸை நேரடியாக ஏற்றி, சில நாட்களில் மருந்தைத் தொடங்கும் சோதனை “சாவைத் தடுக்குமா” என்று கேட்கிறது. தோலிலிருந்து தோலுக்குத் தொற்றி, கொப்புளம் வந்த பிறகு மருத்துவமனைக்கு வரும் மனிதர் கேட்பது “இது சீக்கிரம் ஆறுமா” என்று. விலங்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதே இல்லை, யாரும் அதனிடம் கேட்கவில்லை.

கேள்வியை முதலில் எழுதுவது

ஒரு புது நோய்க்கு விலங்கு தேர்ந்தெடுக்கும் குழுவில் எனக்கு இடம் கிடைத்தால் ஒன்றை மட்டும் கேட்பேன். விலங்கின் பெயரை எழுதுவதற்கு முன், அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போகிறது, எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது என்று இரண்டு பத்தி எழுதுங்கள். இரண்டாவது பத்திதான் எனக்கு முக்கியம். வைரஸ் எந்த வழியாக, எவ்வளவு, எந்த வயது விலங்குக்குப் போகிறது என்பதெல்லாம் அந்தப் பத்தியில் தானாக வந்துவிழும். மருந்து அந்த விலங்கின் உடலில் எப்படிச் சிதைகிறது என்பதும். ரெம்டெசிவிரை எலியின் ரத்தத்திலுள்ள ஒரு நொதி வேகமாகச் சிதைத்துவிடும். அந்த நொதியின் மரபணுவை நீக்கிய எலியில்தான் அந்த மருந்தைச் சோதிக்கவே முடிந்தது. வைரஸுக்குப் பொருந்திய எலி மருந்துக்குப் பொருந்தாமல் போவது இப்படித்தான்.

தடுப்பூசியின் பாதுகாப்பு என்றால் அது இன்னொரு கேள்வி, இன்னொரு விலங்கு. 1960களில், குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரஸுக்கு எதிராக ஃபார்மலினால் செயலிழக்கச் செய்த தடுப்பூசியைக் குழந்தைகளுக்குப் போட்டார்கள். பிறகு இயற்கையாக ஆர்எஸ்வி தொற்றியபோது, தடுப்பூசி பெற்ற குழந்தைகளுக்கு நோய் இன்னும் கடுமையாக வந்தது. இரண்டு குழந்தைகள் இறந்தன. அந்தத் தீங்கைப் பின்னாளில் ஆய்வகத்தில் மறுபடி காட்டித் தந்தது பருத்தி எலி, அதாவது காட்டன் ராட். அதுவும் ஆர்எஸ்வி-யால் சாகும் விலங்கல்ல. அதன் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்ததில்தான் தெரிந்தது. சாவை மட்டுமே எண்ணும் சோதனையில் அந்தத் தீங்கு கண்ணில் பட்டிருக்காது.

விலங்கின் வேதனையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். வில்லியம் ரஸலும் ரெக்ஸ் பர்ச்சும் 1959இல் முன்வைத்த மூன்று கொள்கைகள், மாற்று தேடுவது, எண்ணிக்கை குறைப்பது, வேதனை குறைப்பது, இன்று எல்லா நெறிமுறைக் குழுக்களும் பேசுபவை. அதன்படி, எடை ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினால் எலியை வலியின்றிக் கொன்றுவிடுகிறார்கள். பல இடங்களில் அந்த வரம்பு 20 அல்லது 25 சதவீத இழப்பு. அதாவது பல ஆய்வுக் கட்டுரைகளின் பிழைப்பு வரைபடத்தில் “சாவு” என்று இருப்பது, உண்மையில் தராசில் ஓர் எண். அப்படியானால் எடையையே நாள்தோறும் கோடாகப் போட்டுக் காட்டலாம். விலங்கு தேறி வருவதும் அதில் தெரியும். தேறுவது ஏன் நடக்கிறது என்பதை அறிய வேண்டிய நோயில், தேறாத விலங்கை மட்டும் வைத்துக்கொண்டிருப்பது எனக்குப் புரியவே இல்லை.

தேர்வு ஒருமுறை முடிந்துவிடுவதும் இல்லை. 2020இல் சாதாரண எலியை ஏறெடுத்துப் பார்க்காத வைரஸ், என்501ஒய் என்ற மாற்றத்தோடு வந்த ஆல்ஃபா போன்ற திரிபுகளாக மாறியபோது சாதாரண எலிக்கும் தொற்றியது. எலிக்குப் பழக்கிய ஆய்வக வைரஸ்களிலும் அதே மாற்றம் தோன்றியிருந்தது. பிறகு ஓமிக்ரான் வந்தது. மனிதர்களிடம் நோய் லேசாகத் தெரிந்தது, ஆனால் ஏன் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை: தடுப்பூசியாலா, முன்பு வந்த தொற்றாலா, வைரஸே மாறிவிட்டதாலா? தடுப்பூசியும் போடாத, முன் தொற்றும் இல்லாத ஹாம்ஸ்டர்களுக்கு ஓமிக்ரானைக் கொடுத்தார்கள். முந்தைய திரிபுகள் தந்த எடையிழப்பு வரவில்லை; நுரையீரலில் வைரஸும் குறைவு. ஓமிக்ரானின் முதல் வகைகளில் வைரஸே மாறியிருக்கிறது என்று 2022இன் தொடக்கத்திலேயே சொல்ல முடிந்தது, எடை இறங்குவதிலும் ஏறுவதிலும் ஒவ்வொரு படியும் தெரியும் ஒரு விலங்கு கையில் இருந்ததால்.